மருத்துவமனைப் பணியாளர்களின் தசை எலும்பு வலி

மருத்துவமனைப் பணியாளர்களின் தசை எலும்பு வலி என்பது, மருத்துவமனை வேலையின் காரணமாகத் தசை, தசைநாண், மூட்டு, முள்ளந்தண்டு ஆகியவற்றில் ஏற்படும் வலியைக் குறிக்கும். செவிலியர், நோயாளி உதவியாளர், இயன்முறை மருத்துவர், அறுவை மருத்துவர் முதலியோர் இதனால் பாதிக்கப்படுகின்றனர். கீழ்முதுகு வலியே பரவலாகக் காணப்படுகின்றது. கழுத்து, தோள் வலிகளும் மிகுதியாக உண்டு.

காரணங்கள்

படுக்கையில் உள்ள நோயாளியைத் தூக்கும் செவிலியர், குனிந்து கைகளை நீட்ட வேண்டியுள்ளது. சுமை உடலிலிருந்து விலகி இருப்பதால், நெம்புகோல் தத்துவப்படி, முள்ளந்தண்டை ஒட்டியுள்ள தசைகள் அச்சுமையைப் போல் பல மடங்கு விசையுடன் இழுக்க நேர்கின்றது. இதனால் கீழ்முதுகின் முள்ளெலும்பு இடைத்தட்டுகள் நெருக்கப்படுகின்றன. அறுவை மருத்துவர்களுக்கோ நெடுநேரம் கழுத்தைக் குனிந்து அசையாது நிற்பது வலியைத் தருகின்றது.

தூக்கும் வரம்பு

அமெரிக்காவின் தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1991 இல் திருத்திய தூக்குதல் சமன்பாட்டின்படி, மிகச் சாதகமான சூழலிலும் ஒருவர் தூக்கத்தக்க சுமை 23 கிலோகிராம் ஆகும். பெட்டியைப் போல நோயாளிக்குக் கைப்பிடி கிடையாது. அவர் திடீரென அசையவோ சரியவோ கூடும். எனவே, நோயாளியைக் கையாள்வதற்கு ஏறத்தாழ 16 கிலோகிராம் என்னும் வரம்பை அந்நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007 இல் முன்மொழிந்தார். மனிதக் கால் ஒன்றின் எடை உடல் எடையில் சுமார் ஆறில் ஒரு பங்காகும். ஆகவே, 100 கிலோகிராம் எடையுள்ளவரின் ஒரு காலைத் தூக்குவதே இவ்வரம்பை எட்டிவிடும்.

அளவிடல்

1987 இல் வெளியான நோர்டிக் வினாநிரல், உடலை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, கடந்த 12 மாதங்களிலும் 7 நாட்களிலும் ஏற்பட்ட தொல்லைகளைப் பற்றிக் கேட்கின்றது.

தடுப்பு

முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்குமாறு நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றது. ஆயினும் பயிற்சி மட்டும் முதுகுவலியைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. குறை தூக்கும் முறையில் மட்டும் இல்லை. சுமையே வரம்பை மீறியதாகும். ஆதலால் கூரையில் பொருத்தப்படும் தூக்கு கருவி, வழுக்கு விரிப்பு, உயரம் மாற்றத்தக்க கட்டில் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. ஐக்கிய இராச்சியத்தின் 1992 ஆம் ஆண்டு விதிகள், தீங்கு தரக்கூடிய கைத்தூக்கலை இயன்றவரை தவிர்க்கும் பொறுப்பைப் பணியளிப்பவர் மீது சுமத்துகின்றன. கலிபோர்னியா மாநிலம் 2011 இல் மருத்துவமனைகளுக்கென இதற்குத் தனிச் சட்டம் இயற்றியது.

இவற்றையும் பார்க்கவும்

முதுகுவலி
பணிச்சூழலியல்
முள்ளந்தண்டு