விமானத்தில் விற்பது எடையா, இடமா?

ஆரணி, தேவிகாபுரம் வட்டாரத்தில் பட்டுத் தொழில் தராசை நம்பியே நடக்கிறது. பாவுக்கும் ஊடைக்குமான பட்டை எடை போட்டுத்தான் தறிக்காரரிடம் கொடுப்பார்கள். நெய்து அறுத்துக் கொண்டுவரும் சேலையும் திரும்பத் தராசில் ஏறும். சில கிராம் குறைந்தாலும் கேள்வி வரும், கூலியில் பிடித்தமும் வரலாம். ஆனால் அதே சேலை கடைக்குப் போனபின், கட்டப்போகிறவர் ஒல்லியா பருமனா என்று விலை சொல்பவர் பார்ப்பதில்லை. பட்டுக்குத்தான் எடை, உடுத்துபவருக்கு இல்லை. விமானப் பயணத்தில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பும் யோசனை ஒன்று பல ஆண்டுகளாக உலவுகிறது. பருமனானவர் அதிக எரிபொருளைச் செலவழிக்க வைக்கிறார், ஆகவே அதிகக் கட்டணம் தரட்டும் என்பது அது. நார்வேயில் பணியாற்றிய பொருளியலாளர் பரத் பட்டா 2013இல் எடைக்கேற்ற கட்டணம் பற்றி ஆய்விதழில் எழுதினார். தத்துவவாதி பீட்டர் சிங்கர் அதற்கு முந்தைய ஆண்டே இதை ஆதரித்துக் கட்டுரை எழுதியிருந்தார். கேட்பதற்கு நியாயம்போலத் தெரியும் இந்த வாதம், கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்கவில்லை.

எடைக்குக் கட்டணம் எங்கே பொருந்தும் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். பசிபிக் தீவு நாடான சமோவாவில் சமோவா ஏர் என்ற நிறுவனம், பயணியின் எடையையும் அவர் பெட்டியின் எடையையும் கூட்டிக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கியது. 2013 ஏப்ரலில் அது உலகச் செய்தியானது. அவர்கள் ஓட்டியவை சில பேர் மட்டுமே அமரக்கூடிய சின்னஞ்சிறு விமானங்கள். நம் நாட்டிலும் இதற்கு உறவான ஏற்பாடு உண்டு. கேதார்நாத், அமர்நாத் யாத்திரைக்கு ஹெலிகாப்டரில் போகிறவர்கள் முன்பதிவின்போதே எடையைச் சொல்ல வேண்டும், ஏறுமுன் தராசில் நிற்க வேண்டும், குறிப்பிட்ட எடையைத் தாண்டினால் கூடுதல் தொகை கட்ட வேண்டும். கேதார்நாத் 3,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, ஹெலிகாப்டரின் தூக்கும் திறனும் குறைவு. ஐந்தாறு பேர் போகும் வண்டியில் ஒருவர் முப்பது கிலோ கூடுதலாக இருந்தால், இன்னொருவரை இறக்கிவிட நேரலாம். அங்கே எடை என்பது உண்மையிலேயே இன்னொருவரின் இடம். யாத்திரைக்குக் கிளம்புகிறவர்கள் இந்த விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. அங்கே போய் வாதாடிப் பயனில்லை.

சென்னையிலிருந்து டெல்லிக்கு 180 பேரை ஏற்றிக்கொண்டு பறக்கும் ஏர்பஸ் 320 விமானத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. கிளம்பும் நேரத்தில் அதன் எடை எழுபது டன்னைத் தாண்டலாம். 2013இல் கோ ஏர் நிறுவனம், ஆண்களைவிட எடை குறைவு என்பதால் இனிப் பெண்களை மட்டுமே விமானப் பணியாளர்களாக எடுப்போம் என்று அறிவித்தது. (ஒரு பாலினத்தையே தராசில் வைத்த அறிவிப்பு அது. அதன் நியாயத்தைத் தனியாகவே பேச வேண்டும்.) அப்போது சொல்லப்பட்ட கணக்கு நமக்கு உதவுகிறது: கூடுதலான ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு மணி நேரப் பறப்புக்கு ஏறக்குறைய 3 ரூபாய் செலவு. சராசரியைவிட முப்பது கிலோ கூடுதலான ஒருவர் இரண்டே முக்கால் மணி நேரம் டெல்லிக்குப் பறந்தால், அவரால் ஆகும் கூடுதல் செலவு 250 ரூபாயை எட்டாது. எரிபொருள் விலை இரட்டிப்பானதாக வைத்துக்கொண்டாலும் 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். முன்வரிசை இருக்கையைத் தேர்ந்தெடுக்கவே அந்த அளவு வாங்கிவிடுகிறார்கள். இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு வயது முடிந்த குழந்தைக்கு நம் உள்நாட்டு மலிவுக் கட்டண விமானங்களில் பெரியவருக்கான கட்டணமே வாங்கப்படுகிறது. பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு முழுக் கட்டணம் வாங்கும்போது நினைவுக்கு வராத தராசு, நூறு கிலோ மனிதரைக் கண்டதும் மட்டும் நினைவுக்கு வருவானேன்? விமான நிறுவனம் விற்பது கிலோவை அல்ல, இருக்கையை. குழந்தைக்கு வாங்கும் கட்டணமே அதற்குச் சாட்சி.

பெட்டி 15 கிலோவைத் தாண்டினால் கிலோவுக்குப் பணம் கேட்கிறார்களே, உடம்புக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. பெட்டியில் இருக்கும் சேலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம், முறுக்கு டப்பாவை வழியனுப்ப வந்த தம்பியிடம் கொடுத்துவிடலாம். உடம்பை அப்படி விட்டுவிட்டுப் போக முடியாது. கூடுதல் பெட்டிக்கு வாங்கும் தொகை எரிபொருளின் விலையும் அல்ல, மூட்டை மூட்டையாகக் கொண்டுவராதீர்கள் என்று தடுப்பதற்கான விலை. மனிதர் மீது அந்தத் தடுப்பைப் போட்டால், வராதே என்று அவரிடமே சொன்னதாகும்.

பாதுகாப்பைக் காரணம் காட்டுபவர்களின் பேச்சில் உண்மை உண்டு. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் சிறு விமானம் விழுந்து 21 பேர் இறந்தார்கள். வால்பகுதிக் கட்டுப்பாட்டைப் பழுதுபார்த்ததில் நடந்த தவறோடு, விமானம் அனுமதிக்கப்பட்டதைவிடக் கனமாகவும் பின்பாரமாகவும் இருந்ததும் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பயணிகளின் சராசரி எடையாகப் பழைய, குறைவான எண்ணையே கணக்கில் வைத்திருந்தார்கள். அதற்குக் கண்ட தீர்வு சராசரியைத் திருத்தியதுதான், பருமனானவருக்கு அபராதம் போட்டதல்ல. ஏர் நியூசிலாந்தும் கொரியன் ஏரும் 2023இலும், ஃபின் ஏர் 2024இலும் பயணிகளை எடை பார்த்தது இந்தச் சராசரிக்காகவே. வெளிநாட்டு விமான நிலையத்தில் அப்படி ஒரு தராசைக் கண்டால் கட்டணம் ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் அகலத்தில் இருக்கிறது. ஏர்பஸ் 320 ரக விமானங்களின் சாதாரண வகுப்பில் இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே 17 முதல் 18 அங்குலம்தான். தையல்காரரின் இன்ச் டேப்பை நாற்காலியில் விரித்துப் பார்த்தால் தெரியும், அதிகம் போனால் ஒரு முழம்தான். பக்கத்தில் பருமனானவர் அமர்ந்து கைப்பிடியைக் கீழே இறக்க முடியாமல் போனால், நடு இருக்கையில் மாட்டிக்கொண்டவர் முழுக் கட்டணம் கொடுத்து முக்கால் இருக்கையில் பயணம் செய்கிறார். அவர் குறையும் நியாயமானதே, அதை இரக்கமின்மை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அவர் இடத்தைச் சுருக்கியது யார்? அந்த அகலத்தைத் தீர்மானித்தது பக்கத்து இருக்கைக்காரரல்ல, வரிசைக்கு ஆறு பேரை அடைத்த நிறுவனம். ஆகவே இடம் குறைந்தவர் விமானப் பணியாளரைக் கூப்பிட்டு, காலி இருக்கை இருந்தால் மாற்றித் தரும்படி கேட்கலாம், மாற்றவில்லை என்றால் நிறுவனத்தின் மீதே புகார் தரலாம். பருமனான பயணிக்கு இடுப்புப் பட்டை எட்டவில்லை என்றால் நீட்டிப்புப் பட்டையை இலவசமாகவே தருவார்கள். ஏறும்போதே மெல்லச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். சொந்தமாக வாங்கிக்கொண்டு போவதைப் பொதுவாக ஏற்பதில்லை.

இரண்டாவது இருக்கை தேவைப்படுபவருக்கு அதற்கு யார் பணம் தருவது? கனடா இதற்கு ஒரு வழி கண்டது. 2008 ஜனவரியில் அந்நாட்டுப் போக்குவரத்து ஆணையம், உடல் பருமனால் மாற்றுத்திறனாளி நிலைக்கு ஆளானவருக்கு உள்நாட்டு விமானங்களில் ஒருவருக்கு ஒரே கட்டணம் என்று ஏர் கனடா, வெஸ்ட்ஜெட் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அவை மேல்முறையீட்டுக்கு முயன்றும் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் அனுமதி மறுத்துவிட்டது. எல்லாப் பயணிகள் மீதும் பரப்பினால் ஏர் கனடாவுக்குப் பயணச்சீட்டுக்கு 77 சென்ட், வெஸ்ட்ஜெட்டுக்கு 44 சென்ட் ஆகும் என்று ஆணையம் கணக்கிட்டது. ஒரு டாலர்கூட இல்லை. டொரொண்டோவிலிருந்து வான்கூவர் போகும் நம் உறவினர்களுக்கு இது இன்றும் பயன்படும் செய்தி. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் இரண்டாவது இருக்கையின் பணத்தைத் திருப்பித் தருவதில் நெடுங்காலம் தாராளமாக இருந்தது. 2026 ஜனவரி 27 முதல் முன்கூட்டியே வாங்கியாக வேண்டும், விமானத்தில் இடம் மிஞ்சினால்தான் பணம் திரும்பும் என்று மாற்றிவிட்டது. இந்தியாவில் இண்டிகோ 2020 ஜூலையில், கொரோனா இடைவெளிக்காக ஒருவரே இரண்டு இருக்கை வாங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, இரண்டாவதற்கு முதல் கட்டணத்தில் 25 சதவீதம் வரை என்று அறிவித்தது. விமானங்கள் காலியாகப் பறந்த காலம் அது என்பது உண்மைதான். ஆனால் மனமிருந்தால் கால் விலைக்கும் விற்கலாம் என்பது அப்போது தெரிந்துவிட்டது. விமானத்தில் இடம் மிஞ்சினால் முழுப் பணமும் திரும்ப வேண்டும், மருத்துவச் சான்று உள்ளவருக்கு இலவசம், மற்றவர்களுக்குச் சலுகை விலை, இவை பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிய வேண்டும். நியாயம் இந்த அளவில்தான் நிற்கும் என்று நினைக்கிறேன்.

தின்று கொழுத்ததற்கு ஊரார் பணம் கட்டுவதா என்ற எரிச்சலும் எழும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். (அவர்களில் மிகச் சிலருக்கே இரண்டு இருக்கை தேவைப்படும்.) தைராய்டு, மாதவிடாய்க் கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை என்று காரணங்கள் பல, வாய் மட்டும் அல்ல. அப்படியே வாய்தான் காரணம் என்றாலும், ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போடும் வேலை பயணச்சீட்டு கவுன்ட்டருக்கு இல்லை.

இந்தியச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? உடல் அகலத்துக்கென்று தனி விதி எதையும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ போடவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் பயண நிபந்தனையில் எழுதியதே நடைமுறையாகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் பருமன் இல்லை. ஆயினும் டிஜிசிஏ-வின் விதி, வயதாலோ நோயாலோ நடமாட்டம் குறைந்தவரையும் பாதுகாக்கிறது. மூட்டு தேய்ந்து சக்கர நாற்காலி கேட்கும் பருமனானவர் அதில் அடங்குவார் என்று வாதிட இடமுண்டு. அவர் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே தேவையைத் தெரிவிக்க வேண்டும். 2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறன் சிறுவனை ஏற்ற மறுத்ததற்காக இண்டிகோவுக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. அதன்பின் ஜூலையில் விதி திருத்தப்பட்டது. பயணத்தில் ஒருவர் உடல்நிலை கெடும் என்று தோன்றினால், விமான நிலைய மருத்துவர் பார்த்துச் சொன்னபிறகே நிறுவனம் முடிவெடுக்கலாம், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அளவுக்கு மீறி டிக்கெட் விற்றதால் இடமில்லை என்று விருப்பமில்லாதவரை நிறுத்தினால் அதற்குத் தனி இழப்பீடு உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் தந்தால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து அதன் இருமடங்கு, அதிகபட்சம் ரூ.10,000. அதற்கும் மேல் தாமதித்தால் நான்கு மடங்கு, அதிகபட்சம் ரூ.20,000.

இரண்டு இருக்கை தேவைப்படுபவர், நிறுவனத்தின் அழைப்பு எண்ணிலோ அலுவலகத்திலோ ஒரே பதிவு எண்ணில் இரண்டையும் வாங்கி, அடுத்தடுத்த இருக்கைகள் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பயணத்தை ரத்து செய்தால் ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டக் கூடாது. வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் இரண்டு இருக்கைக்குமே திரும்ப வேண்டும். வாங்கியும் இரண்டாவது இருக்கையில் வேறு ஒருவரை உட்கார வைத்தாலோ, வாசலில் திடீரென்று கூடுதல் பணம் கேட்டாலோ, ரசீதையும் போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்தி, எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும், அடுத்து ஏர்சேவா புகார்த் தளம், நுகர்வோர் உதவி எண் 1915. அங்கெல்லாம் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும் ஆரணிக்காரர் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தரலாம். இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. ஆனால் நிபந்தனையே ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் என்று வாதிட விரும்பினால் மாவட்டத்தில் முடியாது, சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.