வேலிகாத்தானை வெட்டினால் மட்டும் போதாது

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயர் ஒரு மரத்தால் வந்தது. அந்தத் தில்லை மரத்தை இன்று நகருக்குள் காண்பது அரிது. அதைக் கூட்டமாகப் பார்க்க விரும்புவோர் கிழக்கே பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, உப்பு நீரில் நிற்கும் அந்தக் காட்டில் சுரபுன்னை, வெண்கண்டல் ஆகியவற்றோடு தில்லையும் வளர்கிறது. 2022-ஆம் ஆண்டில் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலங்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இப்படிப்பட்ட நாட்டுக் காடுகள் கடலூர் மாவட்டத்தில் வேறு இடங்களிலும் சிறு திட்டுகளாக மிஞ்சியிருக்கின்றன. அய்யனார் கோயில்களைச் சுற்றியுள்ள தோப்புகளில் பாலை, வீரை, காயா, மகிழம், நாவல் போன்ற மரங்கள் இன்றும் உண்டு. இவற்றின் ஓரங்களிலும், ஏரிக்கரைகளிலும், தரிசு நிலங்களிலும் இப்போது வேலிகாத்தான் என்னும் சீமைக்கருவேல் நெருங்கி நிற்கிறது. அதை அழிக்கப் பல ஊர்களில் பணம் செலவானது உண்டு. ஆனால் இரண்டு மழைக்குப் பிறகு அதே இடத்தில் முன்னைவிட அடர்த்தியான புதரைக் காண்பதும் வழக்கமாகிவிட்டது. இதற்குக் காரணம் என்ன?

வந்த கதை

சீமைக்கருவேல் நம் நாட்டு மரமன்று. மத்திய, தென் அமெரிக்க நாடுகளைச் சேர்ந்தது. 1870-களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வறண்ட நிலத்தில் விறகுக்காகவும் வேலிக்காகவும் பிற்காலத்தில் தமிழ்நாட்டில் பரவலாக விதைக்கப்பட்டது. விறகும் கரியும் தந்து பல ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்பெரிய உதவியது என்பதையும் மறுக்க முடியாது.

இதன் நெற்று இனிப்பானது. ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். சதை செரித்துவிடும், கெட்டியான விதையில் பெரும்பகுதி சாணத்தோடும் புழுக்கையோடும் கெடாமல் வெளியே வரும். எருவும் ஈரமும் சேர்ந்து கிடைப்பதால் அது உடனே முளைக்கும். முளைக்காத விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால், வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள் விழித்துக்கொண்டு, ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டுகள் கிளம்பும். வெட்டியது மரத்தை ஒழிப்பதற்குப் பதிலாகக் கவாத்துச் செய்ததாகவே முடிகிறது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டுமன்று. கென்யா நாட்டில் பாரிங்கோ ஏரிப் பகுதியில் 1980-களில் இதே இன மரத்தை நட்டார்கள். மேய்ச்சல் நிலத்தை அது மூடியது. நெற்றுத் தின்ற ஆடுகளின் பல் கெட்டது என்று சொல்லி, அங்குள்ள மக்கள் பல்லில்லாத ஆடு ஒன்றைச் சாட்சியாகக் கொண்டு நீதிமன்றத்துக்கே போனார்கள்.

பிச்சாவரம் காட்டும் வழி

அன்னியச் செடி பெரும்பாலும் காடு கெட்ட இடத்தில்தான் முதலில் காலூன்றுகிறது. பிச்சாவரத்தில் 1911 முதல் 1970-கள் வரை முறை வைத்து மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். நிழல் போன இடத்தில் மண் காய்ந்து அமுங்கியது. தரை தொட்டிபோல் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல் நீர் வடிய வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிகுந்தது. அலையாத்தி மரம் அங்கே மறுபடி வளரவில்லை. மேடாகிக் கடல் நீர் ஏறாமல் போகும் விளிம்புகளோ வேலிகாத்தானுக்கு ஏற்ற இடமாகின்றன.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அக்கம்பக்கத்துக் கிராம மக்களும் சேர்ந்து இந்தக் குறையைச் சரிசெய்ய முனைந்தனர். முதலில் அவர்கள் கன்று நடவில்லை. மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல் நீர் ஏறவும் வடியவும் வழி செய்தார்கள். உப்பு தணிந்த பிறகே கன்று நட்டார்கள். கிராமங்களில் குழுக்கள் அமைத்து, வாய்க்காலில் வண்டல் சேரும்போது தூர் எடுக்கும் பொறுப்பையும் பகிர்ந்துகொண்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. பின்னர் கடலூர்க் கடற்கரையில் நடந்த ஆய்வு ஒன்று, மரம் அடர்ந்திருந்த இடங்களுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று கண்டது.

இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. அழிப்பது வேலையின் பாதிகூட அன்று. இடத்தைச் சீர்செய்வது, நாட்டு மரத்தை நிலைநிறுத்துவது, பல ஆண்டு திரும்பிப் பார்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் வேலை முடியும். அதைத் தனி ஒருவர் செய்ய முடியாது.

எங்கே தொடங்குவது?

அடர்ந்த புதரில் தொடங்குவதே பலரும் செய்யும் தவறு. ஊரார் கூடி முதலில் ஒரு வரைபடம் போட வேண்டும். எந்த இடத்தில் அடர்த்தி, எங்கே ஒன்றிரண்டு மரம், எங்கே நாட்டுக் காடு என்று குறித்துக்கொள்ள வேண்டும். தோப்புக்கும் காட்டுக்கும் அருகே ஒற்றையாக நிற்கும் மரங்களை முதலில் எடுக்க வேண்டும். அவை விதை போடத் தொடங்கினால் செலவு பல மடங்காகும். அடர்ந்த புதரை ஓரத்திலிருந்து ஆண்டுக்குக் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டு போகலாம். மறு ஆண்டு திரும்ப வந்து களையெடுத்துக் கன்று காக்க முடிந்த பரப்பை மட்டுமே ஓர் ஆண்டில் வெட்டுவது நல்லது.

தென்னாப்பிரிக்காவில் 1995-இல் அரசு தொடங்கிய திட்டம் ஒன்றில் கிராமத்து ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அன்னிய மரங்களை அகற்றுகிறார்கள். ஒருமுறை வெட்டிய இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் முளைப்பை எடுப்பது அந்தத் திட்டத்தின் முக்கிய அங்கம்.

பருவமும் வேலையும்

மாசிக் கடைசியில் சம்பா அறுவடை முடிந்ததும் ஆள் கிடைக்கும். நெற்று பழுத்து உதிரும் முன் பெரிய மரங்களை எடுத்துவிட வேண்டும். தண்டை வெட்டிய பின் அடிக்கட்டையைச் சுற்றித் தோண்டி, தரைக்குக் கீழே சுமார் ஓர் அடி ஆழத்தில் வேரை அறுத்து, கழுத்துப் பகுதியோடு வெளியே எடுக்க வேண்டும். திறந்த தரிசில் பொக்லைன் வைக்கலாம். கோயில் தோப்புக்குள்ளும் ஏரிக்கரை மேலும் இயந்திரம் கூடாது. அது நாட்டு மரக் கன்றுகளை மிதித்துவிடும், கரையையும் தளர்த்திவிடும்.

ஐப்பசி மழையில் காலியான இடத்தில் உடனே நாட்டுக் கன்று நட வேண்டும். விதையை அருகிலுள்ள தோப்பிலிருந்தே முன்கூட்டிச் சேகரித்து நாற்று வளர்ப்பது மேல். ஏரிக்கரைச் சரிவுக்குப் புங்கம், நாவல். தோப்பு ஓரத்துக்குப் பாலை, மகிழம், வேம்பு ஆகியவை ஏற்றவை. காலியாக விட்ட இடம் வேலிகாத்தானுக்கே திரும்பப் போகும்.

கார்த்திகை, மார்கழியில் மண் ஈரமாக இருக்கும்போது புதிய முளைப்புகளைக் கையாலேயே வேரோடு பிடுங்கலாம். ஒரு சாண் உயரத்தில் சிறுவர்கூடப் பிடுங்கிவிடலாம். ஓர் ஆண்டு விட்டால் கடப்பாரை வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள் இதை விடாமல் செய்ய வேண்டும். அதன் பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை பார்வையிட வேண்டும்.

ஆடு வளர்ப்போர் நெற்றைப் பொறுக்கி, காயவைத்து, விதையும் நொறுங்கும்படி அரைத்து மற்றத் தீவனத்தோடு கலந்து அளவாகக் கொடுக்கலாம். நெற்று மேய்ந்த ஆடுகளைச் சுத்தம் செய்த இடத்துக்குள் ஒரு வாரமாவது விடாமல் இருப்பது அவசியம்.

வாய்க்காலில் தலைமடை முதலில்

தண்ணீர் வழிகளில் வேறு எதிரி உண்டு. நெய்வேலிக் காட்டாமணக்கு என்று ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்டிருந்தாலும் அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் ஈரத்தில் வேர்விடும். ஆடு தொடர்ந்து தின்றால் நரம்பு பாதித்துத் தள்ளாடும். கடைமடைக்காரர் எவ்வளவு எடுத்தாலும் தலைமடையிலிருந்து துண்டுகள் மிதந்து வந்துகொண்டேயிருக்கும். ஆகவே வாய்க்கால் வறண்டிருக்கும் கோடையில், பாசன சங்கங்கள் பேசி வைத்துக்கொண்டு, தலைமடையில் தொடங்கிக் கீழ்நோக்கி வரவேண்டும். எடுத்த செடியை நீர் படாத மேட்டில் குவித்து நன்றாகக் காயவிட வேண்டும். ஆகாயத்தாமரைக்கும் இதே வரிசைதான் பொருந்தும்.

யாரைக் கேட்க வேண்டும்?

2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுக்குப் பின் சீமைக்கருவேலை அகற்றும் வேலை மாநிலமெங்கும் வேகமாக நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இடைக்காலத் தடை வந்தது. மரங்களை அகற்றுவதன் விளைவை ஆராய வேண்டும் என்ற வாதம் எழுந்ததே காரணம். 2022-இல் தமிழக அரசு அன்னியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவதோடு மீட்பதையும் சேர்த்துச் சொன்னது அதன் சிறப்பு.

காப்புக் காட்டில் வனத்துறை அனுமதியின்றி ஒரு குச்சியையும் தொடக் கூடாது. புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் ஊராட்சி, வருவாய்த்துறை, நீர்வளத்துறை அலுவலர்களின் சம்மதம் தேவை. மரத்தை ஏலம் விடும் முன், வெட்டு முடிந்ததும் வேரை எடுப்பது யார், கன்றைக் காப்பது யார் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏலத் தொகையில் ஒரு பகுதியை மூன்று ஆண்டுக் களையெடுப்புக்கென ஒதுக்குவது நல்லது. இதே புதரில் விறகு பொறுக்கிப் பிழைக்கும் பெண்களுக்கும் கரி சுடுவோருக்கும் அந்தக் கூலி வேலையை முதலில் கொடுப்பது நியாயம். அவர்கள் கூட்டத்தில் உட்காராமல் எடுக்கும் முடிவு நிலைக்காது.

மாசி அறுவடைக்கு முன்பே ஊர்க் கூட்டம் போட்டு வரைபடத்தையும் ஆள்முறையையும் முடிவு செய்துகொண்டால், இந்தக் கோடையிலேயே ஒரு தோப்பின் ஓரத்தையாவது மீட்டுவிடலாம். ஒரு ஏக்கராக இருந்தாலும் மூன்று ஆண்டு விடாமல் காத்தால், அதுவே அடுத்த ஊருக்கு விதையும் வழியும் கொடுக்கும்.