மீட்டோம், நடக்க வைத்தோமா?

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களைத் தென் தமிழ்நாட்டு மக்கள் எளிதில் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது, ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தீவுகளாயின. அன்று படகு கொண்டுவந்தோரும் சோறு பொங்கிப் பகிர்ந்தோரும் பலர். இறைவன் அவர்களுக்குக் கைம்மாறு அளிப்பாராக! எனினும், அந்நாள்களில் நாம் செய்த பிழையொன்றை இங்கே ஒளியாமல் கூறவேண்டும்.

பங்குப் பள்ளியில் தங்கிய முதியோருக்குப் பாய் விரித்துக் கொடுத்தோம். உணவும் தண்ணீரும் அவர்கள் இருந்த இடத்திற்கே சென்றன. எவரேனும் எழ முயன்றால், "ஆச்சி, அலையாதீங்க, பேசாம படுங்க" என்று தடுத்தோம். அதையே அன்பென எண்ணினோம். வெள்ளத்திற்கு முன் நாள்தோறும் திருப்பலிக்கு நடந்தே வந்த மூதாட்டி ஒருவர், இரு வாரங்களுக்குப் பின் இருவர் தாங்கித்தான் வீடு சேர்ந்தார். நற்கருணை கொண்டு சென்றபோது அவர் சொன்னார்: "வெள்ளத்துல பிழைச்சிட்டேன், சாமி. பாயில கிடந்துல்லா கால் போச்சு."

அவர் கூற்று மருத்துவ உண்மையே. முதிர்ந்த வயதில் சில நாள்கள் படுத்தே கிடந்தாலும் தொடைத் தசை விரைந்து மெலியும். எழுந்தால் தலை சுற்றும். விழுவோமோ என்ற அச்சம் மேலும் படுக்க வைக்கும். இழந்த வலுவை மீட்கப் பல மாதங்கள் ஆகலாம். ஆகவே மறுவாழ்வுப் பணி, நீர் வடிந்த பின் அன்று, முகாமின் முதல் நாளிலேயே தொடங்கவேண்டும்.

செய்யத்தக்கவை எளியவையே. முதியோருக்குப் பாயன்று, உறுதியான நாற்காலியும் கட்டிலும் வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மெல்ல அமர்தலைக் காலையும் மாலையும் ஐந்து முறை செய்யட்டும்; அருகில் ஒருவர் நிற்கட்டும். நெஞ்சுவலி, மயக்கம், எலும்பு முறிவு பற்றிய ஐயம் இருப்பின் மருத்துவரையே முதலில் நாடவேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகள் ஒரு நாளும் தவறலாகாது. வெள்ளத்தில் போன மூக்குக்கண்ணாடியையும் கைத்தடியையும் விரைவில் பெற்றுத் தருவோம். அவையின்றி நடை ஏது? வீடு திரும்புமுன் சேற்றைக் கழுவி, கழிப்பறையில் பிடிமானம் பொருத்துவோம்.

2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் இல்லம் தேடி வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதியோரின் பெயரைப் பதிவு செய்வது நம் இளைஞருக்கு அரைநாள் வேலையே.

அனைத்திற்கும் மேலாக, அவர்களிடம் பொறுப்பை ஒப்படைப்போம். கீரை ஆய்தல், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளுதல், செபமாலையை முன்நின்று சொல்லுதல் ஆகியவை முகாமிலும் இயலுமே! தாம் பாரமல்லர் என்று உணரும் முதியவரே எழ விரும்புவார்.

அம்மூதாட்டி 2024 உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் கைத்தடியூன்றி வீட்டு வாசல்வரை வந்துவிட்டார். கோவில்வரை வர இயலவில்லை. வாசலுக்கும் கோவிலுக்கும் இடைப்பட்ட அத்தொலைவு, நம் அறியாமை அவரிடமிருந்து பறித்தது. அடுத்த மழைக்காலத்திற்குள், அன்புக் குடும்பங்களே, பள்ளிக் கூடத்தில் சில கட்டில்களையும் கைப்பிடி நாற்காலிகளையும் சேர்த்து வைப்போம்.