காப்பிக் கட்டையும் காவல் நாயின் பல்லும்

பாலக்காட்டு நெல்லியாம்பதி மலையிலும், இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லையோரத் தோட்டங்களிலும் காப்பிப் பழம் பறித்து முடிந்தால் கவாத்து தொடங்கும். வெட்டிய கிளைகளும், தண்டு துளைப்பான் விழுந்து பிடுங்கிய செடிகளும் போய்ச் சேரும் இடம் அடுப்பு. அந்தக் காப்பிக் கட்டைக்குத்தான் இப்போது புது மவுசு. சாண் நீளத்துக்கு அறுத்து, பட்டை உரித்து, வழவழப்பாகத் தேய்த்தால் நாய் கடிக்கும் குச்சி தயார். வியட்நாம் காப்பிக் கட்டை வெளிநாட்டுக் கடைகளில் இப்படி விற்கிறது. நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துவிட்டது.

நாய்க்குப் பல்குச்சியா என்று சிரிப்பதற்கில்லை. மனிதனுக்கு 32 பற்கள்; நாய்க்கு 42. தின்ற பின் பல்லில் கிருமிப் படலம் படிகிறது. அது உமிழ்நீரிலுள்ள உப்புக்களுடன் சேர்ந்து சில நாட்களிலேயே காரையாக இறுகிவிடும். பிறகு ஈறு வீங்கும்; பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும். மூன்று வயதுக்குள்ளேயே பெரும்பாலான நாய்களிடம் இதன் அறிகுறி தென்படுகிறது. லயத்து வாசலில் காவல் கிடக்கும் நாய் சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்தால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள். பல வேளைகளில் அது பல்வலி.

ஆலும் வேலும் தேடிய மக்களுக்குக் குச்சியின் குணம் தெரியும். காப்பிக் கட்டை கடிக்கக் கடிக்க நார் நாராகப் பிரிகிறது. அந்த நார் பல்லில் உரசும்போது புதிதாகப் படிந்த படலம் ஓரளவு நீங்கலாம். ஆனால் இறுகிய காரையை எந்தக் குச்சியும் எடுக்காது. மிருக வைத்தியர் மயக்க மருந்து கொடுத்துத்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எலும்பு, கொம்பு, கட்டை போன்றவற்றைக் கடிக்கும்போது மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல் பிளந்துவிடக்கூடும். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் பதியாத பொருளை நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்பது வைத்தியர்கள் சொல்லும் எளிய சோதனை. காப்பிக் கட்டை இதில் தேறுவது கடினம். பல் பராமரிப்புப் பொருள்களைப் பரிசீலித்து முத்திரை வழங்க அமெரிக்காவில் 1997 முதல் ஒரு மன்றம் இயங்குகிறது. விற்பவர் பேச்சைவிட அந்த முத்திரை உண்டா என்று பார்ப்பது நல்லது.

தோட்டத்தில் கிடக்கும் கிளையை அப்படியே நாயிடம் வீசுவது இன்னும் மோசம். அதில் பூச்சி மருந்தோ, துருசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையோ ஒட்டியிருக்கலாம். அரளிக் குச்சி கொடிய விஷம். களத்தில் காயும் காப்பிக் கொட்டையும் நாய்க்கு ஆகாது. அதிலுள்ள காபீன் அதிகமாக உள்ளே போனால் உயிருக்கே உலை வைக்கும்.

பின் என்னதான் வழி? மெல்லிய பிரஷ்ஷால் தினமும் தேய்ப்பதே சிறந்தது. மனிதர் உபயோகிக்கும் பற்பசை கூடாது. அதிலுள்ள புளோரைடும், சிலவற்றில் சேரும் சைலிட்டால் என்ற இனிப்பும் நாய்க்குக் கெடுதல். வாய் நாற்றம், ஒரு பக்கமாகவே மெல்லுதல், கண்ணுக்குக் கீழே வீக்கம் ஆகியவை தெரிந்தால் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. இரவெல்லாம் வாசலில் விழித்திருக்கும் பிராணிக்கு அந்த இரண்டு நிமிஷம் கடன்பட்டதுதான்.