ஓவன் காட்டும் சூடும் இரும்பு ஏற்கும் சூடும்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, கடலோரத்தில் இரும்பை வைத்துப் பிழைப்போர் யாவரும் உப்புக்காற்றின் கொடுமையை அறிவர். நம் நெசவாள அங்கத்தினர்க்குத் துரு என்பது இரும்புக்கு நேரும் நஷ்டம் மாத்திரமன்று. கிடங்கு அலமாரியின் துரு வெள்ளை நூலில் கறையாகப் படிந்துவிட்டால் சாதாரண வெளுப்பில் போகாது. அந்நூல் விலை குறைந்துவிடும். விவசாய அங்கத்தினரின் தெளிப்பான் சட்டமும் பம்பு செட்டின் மூடியும் இவ்வாறே கெடுகின்றன. ஆதலின், பவுடர் கோட்டிங் என்னும் வேலையைப் பற்றி நாம் அறிந்துகொள்வது நன்று.

இம்முறையில் வண்ணத்தூளுக்கு மின்னூட்டம் ஏற்றி இரும்பின்மீது தெளிக்கின்றனர். பின்னர் ஓவனில் வைத்துச் சுடும்போது தூள் உருகிப் பரவி, இறுகி, உறுதியான தோலாகிறது. ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பார், சூடேற்றிய பொருளை மிதக்கும் தூளில் அமிழ்த்தும் முறைக்கு 1953-ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். மின்னூட்டித் தெளிக்கும் முறை 1960-க்குப் பின் பரவிற்று. இன்று கிடைக்கும் தூள்களுள் பலவற்றுக்கு 200 டிகிரி சென்டிகிரேடில் 10 நிமிஷம் என்பது வழக்கமான கணக்கு. இக்கணக்கு இரும்பின் சூட்டைக் குறிப்பதே அன்றி, ஓவனுள் உள்ள காற்றின் சூட்டை அன்று. பல தொல்லைகளுக்கு இதனை மறப்பதே மூலகாரணம்.

நாம் கண்ட ஒரு பட்டறை

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறையில், தகடும் கிளாஸ் வுல்லும் கொண்டு தாமே கட்டிய ஓவன் ஒன்று இருக்கிறது. அங்கே நூல் அலமாரிகள் சிலவற்றுக்கு வெள்ளை பூசக் கொடுத்திருந்தோம். வந்தவை யாவும் பழுப்பேறியிருந்தன. பட்டறைக்காரர் முதலில் தூளைக் குறை கூறினார். பிறகு டெம்பரேச்சர் கன்ட்ரோலரைப் பழித்து, புதிது வாங்கிப் பொருத்தினார். அதுவும் 200 என்றே காட்டியது. வெள்ளையும் பழுத்தே வந்தது.

கன்ட்ரோலருக்குக் கண் இல்லை. ஓவனுள் நீட்டியிருக்கும் தெர்மோகப்பிள் அனுப்பும் மிகச் சிறிய மின்னழுத்தமே அதற்குச் செய்தி. இரு வேறு உலோகக் கம்பிகளின் இணைப்பைச் சூடாக்கினால் மின்விளைவு உண்டாகும் என்பதை 1821-இல் சீபெக் கண்டார். ஒவ்வொரு உலோக ஜோடிக்கும் அவ்வழுத்தம் வேறு. ஆகவே, கன்ட்ரோலரைப் பழிக்குமுன் செய்தியைச் சோதிக்க வேண்டும்.

சோதனை எளிது. நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் தெர்மோகப்பிளின் நுனியை வைத்தால் 0 காட்டவேண்டும். கொதிக்கும் நீரில், பாத்திரத்தின் அடியைத் தொடாமல் பிடித்தால் 100 காட்டவேண்டும். நம் பகுதி கடல் மட்டத்திலேயே இருப்பதால் மலையூர்க்காரர் போல் கணக்குத் திருத்தவும் வேண்டுவதில்லை. அப்பட்டறையிலோ பனிக்கட்டியில் ஏறத்தாழ 7-உம், கொதிநீரில் 85-உம் காட்டிற்று. ஓவனில் இருந்தது கே வகைத் தெர்மோகப்பிள். பழைய கன்ட்ரோலரும் புதியதும் ஜே வகைக்கு அமைக்கப்பட்டிருந்தன. 200 என்று அது காட்டிய வேளையில் ஓவன் 255 டிகிரியைத் தாண்டி எரிந்திருக்கிறது! அமைப்பை மாற்றியதும் குறை தீர்ந்தது.

இதே சோதனை வேறு இரு பிழைகளையும் காட்டிக்கொடுக்கும். கம்பிகள் இடம் மாறியிருந்தால், நுனி சூடேறச் சூடேற எண் இறங்கும்; கன்ட்ரோலரோ இன்னும் குளிர்கிறதென்று எண்ணிச் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். நடுவில் சாதாரணத் தாமிரக் கம்பி போட்டு நீட்டியிருந்தால், அவ்விணைப்பு இருக்கும் இடத்தின் சூட்டுக்கு ஏற்பக் கணக்கு பிசகும். நீட்டுவதற்கு அவ்வகைக்கே உரிய கம்பியை வாங்கவேண்டும்.

ஒரு சோறு பதம் ஆகாது

அடுத்த தவணையில் தகடுகள் வெள்ளை வெளேரென்று வந்தன. ஆயினும் கனத்த ஆங்கிள் கால்களில் பூச்சு நகத்தால் சுரண்ட உரிந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஓவனுக்கு அது பொருந்தாது. மேலே சூடு மிகும், கீழே குறையும். மெல்லிய தகடு விரைவில் சூடேறும். தடித்த கால் காற்றுக்கு வெகுநேரம் பின்தங்கும். காற்று 200-ஐ எட்டியதும் நிமிஷம் எண்ணத் தொடங்கியதே பிழை. தனித் தெர்மோமீட்டரின் நுனியை மிகத் தடித்த உறுப்போடு இறுகக் கட்டி, அது உரிய சூட்டை அடைந்த பின்னரே எண்ணத் தொடங்க வேண்டும். உட்காற்றைச் சுழற்றும் விசிறியும் அவசியம்.

ஓவன் சூடேறவே தாமதித்தால் கன்ட்ரோலரைத் திருகிப் பயனில்லை. ஹீட்டர் ஒன்று அறுந்திருக்கலாம். மூன்று ஃபேஸில் ஒன்று வாராதிருக்கலாம். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹீட்டரின் சூடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். எண் மேலும் கீழும் ஊசலாடினால், வழக்கமான சரக்கை உள்ளே வைத்து ஆட்டோ டியூன் செய்தல் வேண்டும்.

உயிருக்குக் காவல்

ஹீட்டரை இயக்கும் எஸ்.எஸ்.ஆர். என்னும் மின்விசை பழுதாகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே நின்றுவிடும். கன்ட்ரோலர் நிறுத்து என்று கட்டளையிட்டாலும் ஹீட்டர் எரிந்துகொண்டேயிருக்கும். தெர்மோகப்பிள் நழுவி வெளியே விழுந்தாலும் கதி இதுவே. ஆதலின், தனக்கென ஒரு நுனியும், பிரதான மின்சாரத்தையே துண்டிக்கும் கான்டாக்டரும் உடைய இரண்டாவது காவற்கருவி ஒவ்வொரு ஓவனுக்கும் இன்றியமையாதது. மாதம் ஒருமுறை அதன் அளவை ஓடும் சூட்டுக்குக் கீழே இறக்கி, கான்டாக்டர் விழுகிறதா என்று பார்த்துவிடவேண்டும். எஸ்.எஸ்.ஆர். அணைந்திருந்தாலும் சிறிது மின்சாரம் கசியும். பிரதான சுவிட்சை நிறுத்தாமல் உள்ளே கை வைத்தல் ஆகாது. காற்றில் கலந்த தூள் தீப்பற்றி வெடிக்கவல்லது. ஓவனருகில் தெளித்தலும் ஆகாது.

இரும்பில் கட்டிப் பார்க்கும் தெர்மோமீட்டர் ஒன்றைப் பல பட்டறைகள் கூடி வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தலாம்; கூட்டுறவு என்பது இதற்கும் உதவும். அங்கத்தினர்கள் பூச்சு வேலை கொடுக்குமுன் இரண்டு கேள்விகளைத் தவறாது கேட்பார்களாக: இரும்பின் சூட்டை அளந்தீரா? இரண்டாவது காவல் உண்டா? நாம் கேட்டிருந்தால் நம் அலமாரிகள் ஒரே தடவையில் முடிந்திருக்கும்.