எக்ஸ்ரேயைத் திருப்பி மாட்டாதீர்கள்

நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் தெரிந்தால் சிலர் செய்யும் முதல் வேலை, பிலிமைத் திருப்பி மாட்டுவது. ஓரத்தில் இடப்பக்கத்தைக் குறிக்கும் ‘எல்’ எழுத்து புரண்டு நிற்பதைப் பார்க்கக்கூடவா நேரமில்லை?

ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கு உள்ளுறுப்புகள் இடவலம் மாறியிருக்கும். கல்லீரல் இடப்பக்கம், இரைப்பையும் மண்ணீரலும் வலப்பக்கம். இது நோயல்ல. பலர் தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகனில், 99 வயதில் இறந்து உடல்தானம் செய்யப்பட்ட மூதாட்டிக்கு வயிற்று உறுப்புகள் இடம் மாறியிருந்ததை 2018-ல் மருத்துவ மாணவர்கள்தான் கண்டார்கள். அவர் வாழ்ந்த காலத்திலேயே அறுவை மருத்துவர்கள் மூன்று உறுப்புகளை அகற்றியிருந்தார்கள். குடல்வால் வழக்கமான இடத்தில் இல்லை என்று ஒரு மருத்துவர் குறித்தும் வைத்திருந்தார். குடும்பத்துக்கு எதுவும் தெரியவில்லை!

இப்படி உறுப்பு மாறியவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தால், அதைக் கவனிக்காத அலட்சியம் ஆபத்து. அறுவை மருத்துவர் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டியிருக்கும். பழகிய கை ஒவ்வோர் அடியையும் மாற்றி யோசிக்க வேண்டும். நிணநீர்க் கணுக்களை ரத்தக்குழாய்களை ஒட்டியே நீக்குகிறார்கள். உறுப்பு மாறியவர்களில் சிலருக்குக் கல்லீரல் தமனியே வேறிடத்தில் கிளைக்கும். அதைத் தெரியாமல் கட்டிவிட்டால் கல்லீரல் பாதிக்கப்படலாம். எனவே, மருந்து செலுத்தி ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். உறுப்பு மாறியிருப்பதால் ஆபரேஷனே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லேப்ராஸ்கோப்பி மூலமே செய்த சிகிச்சை 2003-லேயே ஜப்பானிலிருந்து பதிவாகியிருக்கிறது.

இனி, இது அடுத்த மருத்துவருக்கும் தெரிவதற்கான காகிதம். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியிலேயே ‘உறுப்புகள் இடவலம் மாறியவை’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் பதிவான குறுந்தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உள்நோயாளி ஆவணங்களை மருத்துவர் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகள். வாயால் கேட்டால் “நாளைக்கு வாங்க” என்பார்கள். இரண்டு பிரதி மனு எழுதி, ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். முத்திரை முக்கியம், அது இல்லாவிட்டால் மனு கொடுத்ததையே மறுப்பார்கள். அப்படியும் தராவிட்டால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். அரசு மருத்துவமனை என்றால் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். மூன்றாண்டு கடந்தபின் ஓடாதீர்கள், அதற்குள் கேஸ் ஷீட் பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கலாம். ஆகவே, ஸ்கேன் குறுந்தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.