கவ்வி: ஒரு தோட்டக் கருவியின் அமைப்பும் அதன் தமிழும்



கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசும்பொழுது நாம் பெரும்பாலும் சொல்லிலிருந்தே தொடங்குகிறோம். ஒரு பிறமொழிச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கு நேரான தமிழ்ச்சொல் யாது என வினவுகிறோம். இவ்வுரையில் அம்முறையை மாற்றிப் பார்ப்போம். நம் தோட்டப்புறத்தில் பயன்படும் ஒரு கருவியை எவ்வாறு வடிவமைப்பது, எவ்வாறு செய்வது என்பதைத் தொடக்கம் முதல் இறுதிவரை தமிழில் சொல்வோம். சொல் தேவைப்படும் இடங்களில் அது எங்கிருந்து வந்து சேர்கிறது என்பதையும் உடன் கவனிப்போம்.

நாம் எடுத்துக்கொண்ட கருவி, டிராக்டரின் முன்புறத்தில் லோடர் என வழங்கும் தூக்குகைகளின் நுனியில் பொருத்தப்படும் கவ்வியாகும்.

கருவி பிறக்கும் இடம்

தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் வட்டாரம் கடலோரக் களிமண்ணும், உட்புறத்தில் கரிச்சதுப்பு மண்ணும் கொண்ட தாழ்நிலம். நெல்வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் அருகே செம்பனை ஓங்கி நிற்கிறது. மலேசியாவில் வாணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டதும் இம்மாவட்டத்திலேயே. 1917ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோகோனியே அதனை நட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம் தோட்டம். செம்பனையின் வரலாற்றில் தமிழ்ப்பெயர் ஒன்று தொடக்கத்திலேயே நிற்பதை மொழி மாணவர் மனத்திற் கொள்ளலாம்.

செம்பனைத் தோட்டத்தில் சுமக்க வேண்டியவை மூன்று: குலை, மட்டை, மரத்தண்டு. ஒரு குலை 10 முதல் 25 கிலோ வரை நிறுக்கும். வெட்டிய குலை 24 மணி நேரத்திற்குள் ஆலையைச் சேர்தல் நன்று. பழத்தில் அடிபட்டால் அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலத்தை மிகுவிக்கும். எண்ணெயின் தரம் தாழும். மட்டையோ அடிபட்டாலும் கெடுவதில்லை. மறுநடவின்போது வீழ்த்தப்படும் தண்டுகளை அப்படியே மட்க விட்டால் அவற்றில் காண்டாமிருக வண்டு பெருகி இளங்கன்றுகளைத் தாக்கும். ஆகவே அவற்றைத் துண்டாக்கி அப்புறப்படுத்த வேண்டும். ஆள் பற்றாக்குறை மிகுந்த இக்காலத்தில் இவ்வேலைகளை இயந்திரமே ஏற்கிறது. விலைக்கு வாங்கும் கருவி எல்லா மண்ணுக்கும் எல்லா டிராக்டருக்கும் பொருந்துவதில்லை. எனவே தோட்டப் பட்டறைகளிலேயே இதனைச் செய்துகொள்ளும் வழக்கம் உண்டாகிறது.

கவ்வுதலும் அதன் சொற்களும்

பிடித்தல், பற்றுதல், இறுக்குதல், இடுக்குதல், கவ்வுதல் ஆகியவற்றைத் தமிழ் வேறுபடுத்திக் கூறும். பிடிப்பதற்கு ஒரு கை போதும். இடுக்குதல் இரண்டு பரப்புகளுக்கு நடுவே அழுத்தி வைத்தல். அடுக்களையில் சூடான பாத்திரத்தை இறக்கும் இடுக்கி இவ்வகையது. கவ்வுதல் என்பது வாய் செய்யும் தொழில். இரண்டு தாடைகள் நெருங்கி மூடிப் பொருளைப் பற்றும். நம் கருவியும் இதனையே செய்கிறது. கீழே தாங்கும் முட்கரண்டி போன்ற பகுதி அசையாது நிற்க, மேலே ஒரு தாடை கீலில் சுழன்று இறங்குகிறது. வினையடியோடு இகர விகுதி சேர்ந்து கருவிப்பொருள் தருவது நம் இலக்கணம் கூறும் முறை. மண்வெட்டி, துருவி, மூடி என்பனபோலக் கவ்வு என்னும் வினையினின்று கவ்வி பிறக்கிறது.

தாடை என்பதை ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்த உருவகமெனச் சிலர் கருதலாம். அவ்வாறன்று. கொடிறு என்னும் பழஞ்சொல் திருக்குறளில் தாடையைக் குறிக்கிறது; திருவாசகத்தில் பற்றுக்குறட்டைக் குறிக்கிறது. உறுப்புக்கும் கருவிக்கும் ஒரே சொல்லை ஆண்ட மரபு நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

எதைக் கவ்வுவது?

வடிவமைப்பில் முதல் வினா எத்துணை வலிமை வேண்டும் என்பதன்று. எதைக் கவ்வப் போகிறோம் என்பதே. மட்டைக்கும் தண்டுக்கும் கூரிய பற்கள் ஏற்றவை, வழுக்காமல் பிடிக்கும். குலைக்கு அப்பற்கள் பகை. அதற்கு உருண்டையான கம்பிகள் வளைந்து, அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்க வேண்டும். பற்களின் இடைவெளியும் பொருளைப் பொறுத்ததே. இடைவெளி மிகுந்தால் சிறு குலை நழுவும். குறைந்தால் மண்ணும் சேர்ந்து வரும்.

இரண்டாம் வினா எடை. எடுத்துக்காட்டாக, தூக்குகைகளின் நுனியில் 500 கிலோ தூக்கவல்ல டிராக்டர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கவ்வி 180 கிலோ எனில் சுமைக்கு எஞ்சுவது 320 கிலோ, அதாவது 20 கிலோ குலைகள் 16. கவ்வியை 120 கிலோவில் அமைத்தால் 19 குலைகளை ஏற்றலாம். மிகையாகச் சேர்த்த 60 கிலோ இரும்பு, ஒவ்வொரு நடையிலும் மூன்று குலைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது சமநிலை. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2 மீட்டர் எனவும், சுமை முன்னச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் தொங்குகிறது எனவும் கொள்வோம். 500 கிலோ சுமை ஏறியவுடன் பின்னச்சில் 300 கிலோ குறைகிறது. முன்னச்சில் 800 கிலோ கூடுகிறது. கெட்டியான தரையில் இது பொறுக்கத்தக்கது. சதுப்பு மண்ணிலோ முன்சக்கரம் புதையும். பின்சக்கரம் பிடிப்பிழந்து வழுக்கும். கிணற்றுத் துலாவின் ஒரு முனையில் வாளியும் மறுமுனையில் கல்லும் கட்டிய நம் முன்னோர் அறிந்த தீர்வே இங்கும் தீர்வு. பின்னச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 250 கிலோ எதிர்ப்பாரம் வைத்தால் பின்னச்சில் 375 கிலோ கூடும். முன்னச்சில் 125 கிலோ குறையும்.

விசையின் கணக்கு

மேல்தாடையை மூடுவது ஹைட்ராலிக் சிலிண்டர். அதன் உள்விட்டம் 50 மி.மீ. என்றால் பரப்பு ஏறத்தாழ 1,963 சதுர மி.மீ. 150 பார் அழுத்தத்தில் அது தள்ளும் விசை ஏறத்தாழ 3,000 கிலோ எடைக்கு ஒப்பாகும். இவ்வளவும் பல்நுனிக்கு வந்து சேர்வதில்லை. சிலிண்டர் தாடையைத் தொடும் இடம் கீலிலிருந்து 150 மி.மீ. தொலைவிலும், பல்நுனி 600 மி.மீ. தொலைவிலும் இருந்தால், நெம்புகோல் விதிப்படி நுனியில் கிடைப்பது நான்கில் ஒரு பங்கு, ஏறத்தாழ 750 கிலோ. அதுவும் சிலிண்டர் தாடைக்குச் செங்குத்தாகத் தள்ளும்போதே. தாடையோடு 30 பாகைக் கோணத்தில் தள்ளினால் அதிலும் பாதியே எஞ்சும். ஆகவே தாடை மூடிவரும் நிலையில் சிலிண்டர் செங்குத்தை நெருங்குமாறு அதன் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விரைவும் கணக்கிடத்தக்கது. நிமிடத்திற்கு 20 லிட்டர் எண்ணெய் பாய்ந்தால், 200 மி.மீ. நீளம் ஓடும் அச்சிலிண்டர் ஏறத்தாழ 1.2 நொடியில் மூடிவிடும். குலையை நசுக்கவும் அருகில் நிற்பவரின் கையைப் பறிக்கவும் இவ்விரைவு போதும். எண்ணெயின் ஓட்டத்தைக் குறைக்கும் வால்வும், அழுத்தத்திற்கு எல்லை வகுக்கும் வால்வும் இதனால் தேவைப்படுகின்றன. குழாய் வெடித்தாலும் தாடை திறவாதபடி எண்ணெயைச் சிறைப்படுத்தும் வால்வு ஒன்றைச் சிலிண்டரின் வாயிலேயே பொருத்துதல் வேண்டும்.

செய்யும் முறை

முதலில் தடித்த அட்டையில் முழு அளவில் பக்கத்தகட்டின் வடிவை வெட்டுக. குண்டூசியைக் கீலாகக் கொண்டு தாடையைச் சுழற்றிப் பார்த்து, முழுதும் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் எதுவும் எதிலும் இடியாதிருத்தலை உறுதி செய்க. அட்டையில் கண்ட பிழைக்குச் செலவு இல்லை. இரும்பில் கண்ட பிழையோ தகட்டையும் உழைப்பையும் வீணாக்கும்.

அடுத்து, ஒத்த தகடுகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டொரு புள்ளியில் ஒட்டவைத்து, ஒரே மூச்சில் துளையிடுக. தனித்தனியே துளைத்தால் துளைகள் நேர்ப்படா. அச்சு இறுகித் தேயும். துளையுள்ள இத்தகட்டு நீட்சிக்குக் காது என்பதே பொருத்தமான பெயர். ஆங்கிலேயர் ஊசித் துளையைக் கண் என்பர்; தமிழர் காது என்பர். ஊசியின் காதில் நூல் செல்வதுபோல் இக்காதில் அச்சு செல்கிறது. அவ்வச்சு நழுவாதபடி அதன் கடையில் செருகும் சிற்றாணிக்குப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. மாட்டுவண்டிச் சக்கரம் கழலாமல் காத்த கடையாணி அதுவே.

பற்களுக்குப் பழைய லாரியின் வில்தகட்டைப் பயன்படுத்தும் ஆசை எழும். அது கடினமானது, எளிதில் கிடைப்பது. ஆனால் அதில் கரிமம் மிகுதி. வெல்டிங் செய்த இடத்தையொட்டி அது கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைந்து, சுமையோடு முறியக்கூடும். மென்னெஃகுத் தகட்டைத் தேவையான தடிப்பில் தேர்ந்து, மடிப்புகளில் முக்கோணத் தாங்குதகடு வைப்பதே தக்கது. துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்தல் கூடாது. அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

எல்லா இணைப்புகளையும் முதலில் புள்ளிபுள்ளியாக ஒட்டி, கோணத்தைச் சரிபார்த்த பின்னரே முழுமையாக வெல்டிங் செய்க. ஒரே பக்கத்தில் தொடர்ந்து செய்தால் வெப்பத்தால் தகடு அப்பக்கமாக இழுபடும். இடமும் வலமும் மாறிமாறிச் செய்தல் வேண்டும். கவ்வியை டிராக்டரிலிருந்து கழற்றிவைத்தே வெல்டிங் செய்வது நன்று. இயலாதபோது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுக. தாடையின் ஓட்டம் முடியும் இடத்தில் இரும்புத் தடை ஒன்று அமைக்க. இன்றேல் சிலிண்டரே அவ்வடியை வாங்கிக் கெடும்.

எண்ணெய்க் கசிவைக் கையால் தடவித் தேடுதல் உயிருக்கே ஊறு செய்யும். ஊசிமுனை அளவான துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். அட்டைத்துண்டை நீட்டிப் பார்ப்பதே முறை. பழுது பார்க்கும்போது கவ்வியைத் தரையில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே கைவைக்க வேண்டும். தூக்கி நிற்கும் கவ்வியின் கீழ் எவரும் நிற்றல் கூடாது.

சொற்கள் வந்த வழி

இதுவரை ஆண்ட சொற்களைத் திரும்பிப் பார்ப்போம். பல், தாடை, காது, வாய் என்பன உடலிலிருந்து வந்தன. அச்சும் கடையாணியும் வண்டியிலிருந்து வந்தன. இடுக்கி அடுக்களையிலிருந்தும், துலா கிணற்றடியிலிருந்தும் வந்தன. சிலிண்டர், வால்வு, வெல்டிங், பேட்டரி ஆகியவை கடனாக வந்து பட்டறையில் நிலைத்தவை. கடன் வாங்குதலில் இழிவில்லை. மலாய்மொழி கப்பலையும் கடையையும் பெட்டியையும் நம்மிடமிருந்து பெற்று வளமாகவே வாழ்கிறது. ஆயினும் வீட்டில் உள்ள கடையாணியை மறந்துவிட்டு வெளியே கடன் கேட்பது பொருந்தாது.

மொழிபெயர்ப்பால் வரும் இடரும் ஒன்றுண்டு. ஹைட்ராலிக் என்பதன் கிரேக்க வேர் நீரைக் குறிக்கும். அவ்வேரைப் பின்பற்றி நீரியல் என மொழிபெயர்த்தால், எண்ணெயால் இயங்கும் கருவியை மாணவன் நீரால் இயங்குவதாக எண்ணுவான். நீர்ம அழுத்தம் என்றால் எண்ணெயும் அதனுள் அடங்கும். பொருளை அறிந்தவரே இவ்வேறுபாட்டைக் காண்பர். சொல்லாக்கக் குழுவினர் பட்டறைக்குச் செல்ல வேண்டும் என நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

இப்பணிக்குக் காலம் குறைவாக உள்ளது. தமிழ்க் குடும்பங்கள் பல தோட்டங்களை விட்டுப் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. டிராக்டர் ஓட்டியவரும் பட்டறையில் இரும்பை இணைத்தவரும் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் நாவில் வழங்கிய தொழிற்சொற்களுள் பல எந்த அகராதியிலும் ஏறவில்லை. ஒருவர் மறையும்போது அவர் அறிந்த பெயர்களும், அப்பெயர்கள் சுட்டிய நுட்பங்களும் உடன் மறைகின்றன.

ஆசிரியர்கள் இரண்டு பணிகளை மேற்கொள்ளலாம். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் அட்டை, குச்சி, ஊசி நீக்கிய இரண்டு மருந்தேற்றுக் குழல்கள், மெல்லிய குழாய் ஆகியவற்றைக் கொண்டு சிறு கவ்வி செய்விக்கலாம். சிறு குழலை அழுத்தினால் பெருங்குழல் குறைந்த தூரமே நகரும். ஆனால் மிகுந்த விசையோடு நகரும். பாஸ்கலின் விதியை மாணவன் தன் விரலாலேயே அறிவான். செய்து முடித்தபின் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் எழுதச் சொல்க.

மற்றொன்று, தோட்டத்தில் உழைத்த தாத்தாவிடமோ மாமாவிடமோ மாணவர் சென்று பத்துக் கருவிகளின் உறுப்புப் பெயர்களைக் கேட்டு எழுதிவருதல். ஒரு தாளில் கருவியின் படம், உறுப்பின் பெயர், அது செய்யும் வேலை, சொன்னவர் பணியாற்றிய தோட்டம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். கொச்சையென்றோ பிறமொழியென்றோ எதையும் திருத்தாமல், கேட்டவாறே எழுதுதல் வேண்டும். ஒரு பள்ளியில் முப்பது மாணவர் இதனைச் செய்தால் முந்நூறு பதிவுகள் சேரும். அவற்றை ஒப்பிட்டுத் தக்கவற்றைத் தெரிந்தெடுக்கும் பணியை மொழியறிந்தோர் பின்னர்ச் செய்துகொள்வர்.